கடித்தால் தெருநாய்!

"யாருடைய நாய்?"

கேட்டோம். திரண்டிருந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினர்; விடை வரவில்லை. முதல்நாள் இரவுவரை அந்த நாய்க்கு ஒரு வீடு இருந்தது. ஒரு பெயர் இருந்தது. பெயர் சொல்லி அழைக்க ஒரு குரல் இருந்தது. திண்ணை ஓரத்தில் அதற்கென ஓர் அலுமினியத் தட்டும் இருந்தது. பொழுது விடிந்தபோது வீடும் இல்லை, பெயரும் இல்லை, குரலும் இல்லை, தட்டையும் காணோம்! ஏனெனில், விடியுமுன் அந்த நாய் ஓர் ஆட்டின் கழுத்தைக் கவ்விக் கொன்றுவிட்டது. தடுக்க ஓடிய எட்டு வயதுச் சிறுமியின் கெண்டைக்காலையும் கடித்துவிட்டது.

"எங்க நாயா? தெருநாய் வாத்தியாரே! ஏதோ பாவம்னு ரெண்டு வாய் சோறு போட்டோம், அவ்வளவுதான்" என்றார் அந்த வீட்டுப் பெரியவர்.

காவல் காத்தபோது எங்கள் நாய், கடித்தவுடன் தெருநாய்! இந்த ஒரு சொல்லின் மறைவில் ஓர் அறம் ஒளிந்துகொண்டது. அதைத் தேடிப் பிடித்து வெளியே கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்ந்த இடம் ஓரிக்கை. காஞ்சியின் தென்புறத்தில், உத்திரமேரூர் செல்லும் சாலையில் உள்ள ஊர். காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சி ஆயிற்று; ஓரிக்கை இன்று அதன் ஒரு பகுதி. திருமழிசையாழ்வாரைப் பின்தொடர்ந்து காஞ்சியை விட்டு வெளியேறிய திருமால் ஓர் இரவு தங்கிய இடமாம் இது. 'ஓர் இரவு இருக்கை' என்பதே ஓரிக்கை ஆயிற்றாம். அப்படித்தான் பெயர்க்காரணம் கூறுகின்றனர். ஓர் இரவு தங்கிச் சென்றவருக்கு அண்டை வீட்டுத் தொல்லை ஏது? ஆயுள் முழுதும் தங்கியிருக்கும் நெசவாளிக்கன்றோ அந்தத் தொல்லை!

நெசவாளியின் வாழ்வை அறியாதார்க்கு ஒன்று சொல்வோம். குழித்தறியில் அமர்பவர் காலைக் குழிக்குள் விட்டு அமர்கிறார். மிதி காலில், நாடா கையில், கண் இழையில். தெருவில் கூச்சல் கேட்டவுடன் துள்ளி எழ அவரால் இயலாது. எழுந்து வாசலை அடைவதற்குள் நாய் தன் வேலையை முடித்துவிடும். தெருவும் அவருக்கு வெறும் வழியன்று. பாவு நீட்டி, இழை பிரித்து, அறுந்ததை முடியும் தொழிற்கூடம். ஆகவே, தெருவில் அவிழ்த்துவிட்ட நாய் அவர் தொழிற்கூடத்தில் அவிழ்த்துவிட்ட நாய்.

ஆடு? அது அவருடைய வங்கி! பட்டுநூல் வராத மாதம், கூலி தாமதிக்கும் மாதம், பள்ளி திறக்கும் மாதம் - ஆட்டை விற்றால்தான் அடுப்பு எரியும். அன்று செத்தது சினையாடு. ஆடு ஐந்து மாதம் சுமந்து குட்டி ஈனும். அதற்கு நான்கு மாதம் கடந்திருந்தது. ஒரே கடியில் முதலும் போயிற்று, வட்டியும் போயிற்று.

அன்று அந்தத் தெருவில் மூன்று யோசனைகள் எழுந்தன. மூன்றும் நல்லெண்ணம் என்ற போர்வையிலேயே வந்தன. ஒவ்வொன்றாய்ப் போர்வையை விலக்கிப் பார்ப்போம்.

முதல் யோசனை, விதி. "பைரவர் வாகனமப்பா! அதைக் கோலால் அடிச்சாலும் குத்தம். ஆடு போனது உங்க நேரம்" என்றார் ஒரு மூதாட்டி. "புள்ளைக்கு மந்திரிச்சுட்டா சரியாப் போயிடும், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு வை" என்றார் இன்னொருவர். இருவரும் கொடியவர் அல்லர். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த அன்பு சிறுமியைச் சாவின் வாயிலில் கொண்டு நிறுத்தும் அன்பு!

வெறிநோய் கண்டபின் பிழைத்தவர் உலக மருத்துவ வரலாற்றிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர். நோய் காணுமுன் தடுப்பதோ எளிது. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தினார், சிறுவன் பிழைத்தான். அந்த அறிவு நம் மண்ணுக்கு வந்து சேரவும் நெடுங்காலம் ஆகவில்லை. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தோன்றிவிட்டது. இன்று கடிபட்டவர் செய்ய வேண்டுவது என்ன? புண்ணைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். தாமதியாது அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அன்றும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்களிலும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். குருதி வரக் கடித்திருந்தால் புண்ணைச் சுற்றிலும் எதிர்ப்பு மருந்து செலுத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவே! இருந்தும், இந்நோய்க்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் பலியாவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பலியாவோரில் பத்துக்கு நால்வர் பதினைந்து வயது நிரம்பாச் சிறுவர் சிறுமியர்.

"மந்திரித்துப் பிழைத்தவர்களை நாங்களே கண்டிருக்கிறோமே!" என்பர். ஆம், கண்டிருப்பீர்கள். கடிக்கிற நாய்க்கெல்லாம் வெறிநோய் இருப்பதில்லை. நோயில்லா நாய் கடித்தவர், மந்திரிக்காவிட்டாலும் பிழைத்திருப்பார். பெயர் மட்டும் மந்திரத்துக்குப் போயிற்று! நோயுள்ள நாய் கடித்து மந்திரித்துக்கொண்டவர் சான்று கூற வருவதில்லை. அவர் இடுகாட்டில் இருக்கிறார்.

சிறுமியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அவள் நம் வகுப்பு மாணவி. ஊசியின்போது அவள் அழவில்லை, "ஆட்டுக்கும் ஊசி போட்டா எழுந்துக்குமா சார்?" என்றுதான் கேட்டாள். நம்மிடம் விடை இல்லை.

இரண்டாம் யோசனை இரவில் வந்தது. ஆட்டுக்காரரின் தம்பி கொண்டுவந்தான். இருபது வயது இளைஞன். படிப்பகத்துக்கு நாள் தவறாது வருபவன். கூட்டங்களில் முன்வரிசையில் அமர்பவன். அவன் கையில் ஒரு பொட்டலம், அதில் கறித்துண்டு, கறித்துண்டின் உள்ளே பூச்சிமருந்து.

"சாமி குத்தம்னு எனக்குப் பயமில்ல அண்ணே. அதெல்லாம் இல்லைன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. போட்டுடட்டுமா?"

திடுக்கிட்டோம். பொட்டலத்தைக் கண்டு அன்று. அந்தக் கேள்வியைக் கேட்டு! நாம் மேடையில் விதைத்தது இதுதானா? சாமி குற்றம் இல்லையென்றால் எக்குற்றமும் இல்லை என்றா அந்த இளைஞன் புரிந்துகொண்டான்? உடனே விடை கூறினோம் என்று பெருமை பேச மாட்டோம். பகலில் கட்டுப்போட்ட காலைத் தாங்கிவந்த நம் கை, அந்தப் பொட்டலத்தை வாங்கி எறியவும் துடித்தது. அதுவே உண்மை.

பின்னர்ச் சொன்னோம்: "குற்றமே இல்லை என்று நாம் சொல்லவில்லை தம்பி. குற்றத்தை அளக்கும் கோல் கருவறையில் இல்லை, உன் அறிவில் இருக்கிறது என்றுதான் சொன்னோம். அளந்து பார். இந்த நஞ்சைத் தின்னப்போவது யார்? நாய். தப்பித்துக்கொள்வது யார்? நாயை அவிழ்த்துவிட்டவர். அவர் வீட்டில் அடுத்த மாதம் இன்னொரு குட்டி வரும். இன்னொரு பெயர் வைப்பர். இன்னொரு தட்டு வைப்பர். உன் அண்ணனுக்கு ஆடு திரும்பாது. விடிந்தால் அந்தக் கறித்துண்டைக் காக்கை கொத்தலாம், பூனை தின்னலாம், தவழும் குழந்தை எடுக்கலாம். அதற்கும் மேலாக ஒன்று கேள். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கண்காணிக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். பத்து நாளும் நலமாய் இருந்தால், கடித்தபோது அதனிடம் வெறிநோய் இல்லை என்று பொருள். ஊசியை நிறுத்தப் போவதில்லை. ஆனால் உன் அண்ணன் மகளின் உயிரைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடியது அந்த நாய் ஒன்றுதான். சாட்சியையா கொல்லப்போகிறாய்?"

அவன் பேசவில்லை. பொட்டலத்தை நம் வீட்டுக் கொல்லையில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம். மண்ணைத் தள்ளி மிதித்தவன் அவனே.

தனியொருவனின் பொட்டலம் மட்டுமா? நகராட்சிகளே இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தன. சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. கொன்றும் நாய் குறையவில்லை, கடி குறையவில்லை. குப்பை மேடு இருக்கும்வரை, காலியான இடத்துக்குப் புதிய நாய் வந்து சேரும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குட்டிகள் ஈனும். கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்று 1964 முதல் சொல்லிவந்தது புளூ கிராஸ். 1996-இல்தான் மாநகராட்சி அவ்வழிக்கு வந்தது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவந்தால் அங்கே வெறிநோயின் சங்கிலி அறுபடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நஞ்சு அந்தச் சங்கிலியை அறுக்காது.

மூன்றாம் யோசனை, மௌனம். "பக்கத்து வீடு. நாளைக்கு முகத்துல முழிக்கணும். விட்டுக்கொடுத்துப் போங்க" என்றனர் ஊர்ப் பெரியோர் சிலர். கேட்க இனிக்கும் சொல்! ஆனால் தோழர்காள், கவனித்தீரா? விட்டுக்கொடுக்கச் சொல்வது எப்போதும் இழந்தவனைப் பார்த்தே! ஆட்டை இழந்தவன் அமைதியையும் காக்க வேண்டும். நாயை அவிழ்த்துவிட்டவன் எதையும் காக்க வேண்டுவதில்லை! ஒருவன் வாய்மூடி இருப்பதால் நிலைக்கும் உறவு உறவன்று. அடக்கம் என்ற பெயரில் வாழும் அச்சம்.

மூன்று யோசனைகளும் ஒரே இடத்தில் வழுக்கி விழுந்தன. விதி என்றவர் ஆண்டவன்மேல் போட்டார். நஞ்சு என்றவன் நாயின்மேல் போட்டான். மௌனம் என்றவர் இழந்தவன்மேல் போட்டார். போட வேண்டிய இடத்தில் போட மட்டும் எவருக்கும் கை வரவில்லை!

எங்கே போட வேண்டும்? தமிழ் இலக்கணத்தைக் கேட்டாலே போதும். மக்களை உயர்திணை என்றும், பிற அனைத்தையும் அஃறிணை என்றும் பிரித்தனர் நம் இலக்கண முன்னோர். பள்ளியில் அதை வினைமுற்று விகுதிக்காக மட்டும் கற்பிக்கிறோம். ஆனால் அதில் அறம் ஒன்றும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. 'கடித்தது' என்பது அஃறிணை வினை. 'அவிழ்த்துவிட்டார்' என்பது உயர்திணை வினை. செயல் அஃறிணைக்கும் உண்டு. பொறுப்போ உயர்திணைக்கு மட்டுமே உண்டு. நாய் கடித்தது, ஆனால் நாய் குற்றம் செய்யவில்லை. குற்றம் என்ற சொல்லே உயர்திணைச் சொல்!

இதை மறந்தோர் எத்தகைய கேலிக்கூத்துக்கு ஆளாயினர் என்பதை வரலாறு காட்டுகிறது. 1386-இல் பிரான்சு நாட்டின் பலேசு நகரில், ஒரு குழந்தையைக் கொன்ற பன்றியை வழக்கு நடத்தித் தூக்கிலிட்டனர்! நீதி நிலைநாட்டப்பட்டதாக நம்பினர். பன்றிக்கா புரிந்தது தீர்ப்பு?

அவர்களுக்கு முப்பது நூற்றாண்டு முன்னமே, இன்றைய ஈராக்கு நாட்டில் இருந்த எசுனுன்னா நகரத்தார் தெளிவாய் இருந்தனர். களிமண் பலகையில் எழுதிய அவர்கள் சட்டத்தில் நாய்க்கென ஒரு விதி உண்டு. நாய் கடிக்கும் நாய் என்று அதிகாரிகள் உடையவனுக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிந்தும் அவன் அதைக் காவாது விட்டிருக்க வேண்டும். அது கடித்து ஒரு மனிதன் இறந்தால், உடையவன் 40 செக்கேல் வெள்ளி தண்டம் இறுக்க வேண்டும். அறிந்தும் காவாதது - அங்கேதான் குற்றம் பிறக்கிறது! ஆனால் அதே சட்டம் அடுத்த வரியில் சறுக்குகிறது: இறந்தவன் அடிமையானால் 15 செக்கேல் போதுமாம்! நாயின் பல்லுக்குத் தெரியாத வேற்றுமை, சட்டம் எழுதியவன் எழுத்தாணிக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டுக் கதையையும் எண்ணிப் பாருங்கள். திருவாரூரில் கன்று தேர்க்காலில் சிக்கி மாண்டது. பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பர். கதை கதையே. கொலைக்குக் கொலை என்ற அந்தத் தீர்ப்பும் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் கதையில் ஒரு தெளிவு உண்டு. தேரைக் குற்றம் சொல்லவில்லை. குதிரையைக் குற்றம் சொல்லவில்லை. கன்றின் விதி என்றும் சொல்லவில்லை. ஓட்டியவன் யார் என்றுதான் கேட்டனர்.

நம் காலத்திலும் அதுவே கேள்வி. 2024 மே 5-ஆம் நாள், சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அச்சிறுமி யார்? அதே பூங்காவின் காவலாளி மகள். வளர்த்தவரைக் காவல்துறை கைது செய்தது. நாடே அதிர்ந்தது, நாய்களைப் பற்றிப் பேசியது. பூங்காவைக் காப்பவனின் குழந்தைக்குப் பூங்காவிலே காவல் இல்லை என்பதைப் பற்றிப் பேசியோர் எத்தனை பேர்?

மேற்கே போனால் திருப்பூர், ஈரோடு மாவட்டங்கள். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பகுதிகளில் 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் நாய்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கூட்டங்கூட்டமாய்க் கொன்றன. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி உழவர் மறியல் செய்தனர். அரசு இழப்பீடு தர முன்வந்தது. நன்று! ஆனால் அந்தப் பணம் யாருடையது? ஊரார் வரிப்பணம். கோழிக்கழிவைக் கண்ட இடத்தில் கொட்டியவர், குட்டியைக் கொண்டுபோய் ஊர் எல்லையில் விட்டவர், இரவில் நாயை அவிழ்த்துவிட்டவர் - இவர்களில் ஒருவர் பையிலிருந்தும் ஒரு காசு வெளிவரவில்லை. பொறுப்பு பெயரிழந்தால் செலவு பொதுவாகிவிடும்!

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 291-ஆம் பிரிவு, தன்னிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்கிறது. நஞ்சு வைத்து விலங்கைக் கொல்பவருக்கு 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. 2023-ஆம் ஆண்டின் விலங்கு கருத்தடை விதிகளோ, வீட்டு நாயின் தடுப்பூசியும் கருத்தடையும் வளர்ப்பவர் கடமை என்றும், தெருநாயின் பொறுப்பு உள்ளாட்சிக்கு என்றும் பிரிக்கின்றன. இப்போது விளங்குகிறதா, 'தெருநாய்' என்ற அந்தச் சொல்லின் தந்திரம்? ஒரே சொல்லில் தம் கடமையைத் தெருவின் தலையில் ஏற்றிவிடுகிறார் வளர்த்தவர். மேலும் ஒன்று: 291-ஆம் பிரிவு மனிதரைக் காக்கிறது, ஆட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆட்டுக்கு ஈடு கேட்க உரிமையியல் மன்றத்தை நாட வேண்டும். நாடினால் ஆட்டின் விலையை வழக்கின் விலை விழுங்கிவிடும். ஆகவே ஏழையின் ஆட்டுக்கு அண்டை வீட்டாரின் மனச்சான்றே மன்றம்!

"உயிர்களிடத்து அன்பு வேண்டாமா?" என்று கேட்பர் நல்லோர். வேண்டும், ஐயா, வேண்டும்! நாயும் பசிக்கும் உயிர். அடிபட்டால் அலறும் உயிர். 2025-இல் உச்சநீதிமன்றமே இக்கேள்வியில் முன்னும் பின்னும் நடந்தது. தலைநகரின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க ஆகஸ்டு 11-இல் ஆணையிட்டது. ஆகஸ்டு 22-இல் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோயுள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாது என்றது. நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. அங்கும் இங்கும் ஆடிய அந்தத் துலாக்கோலின் இரு தட்டிலும் உயிர்களே இருந்தன. எளிய கேள்வியன்று இது.

ஆனால் அன்புடையோரை ஒன்று கேட்போம். அன்பு என்பது எது? சோறு இடுவது எளிது, மிச்சச் சோறுதானே! கட்டுவது, கழுவுவது, ஊசி போடுவிப்பது, கருத்தடை செய்விப்பது, அது செய்த சேதத்துக்கு ஈடு கொடுப்பது - இவை கடினம். எளியதைத் தாம் செய்து புண்ணியம் சேர்த்துக்கொண்டு, கடினமானதைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவது கருணையா? பிறர் கணக்கில் எழுதிய கருணை, கருணையன்று, கடன்! அந்தக் கடனுக்குத்தான் நெசவாளியின் ஆடு ஈடாகப் போயிற்று.

இவ்வளவும் எழுதிய கை, இனி எழுத வேண்டியதை எழுதக் கூசுகிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

அந்த அலுமினியத் தட்டில் நம் வீட்டு மீன்முள்ளும் விழுந்திருக்கிறது. இரவு பத்து மணிக்குப் படிப்பகத்திலிருந்து திரும்பும்போது அயலாரைக் கண்டு குரைத்த அந்த நாய், நம்மைக் கண்டு வாலாட்டியது; மகிழ்ந்தோம். இரண்டு மாதத்துக்கு முன் தெருக்கோடியில் வாழும் கைம்பெண் ஒருவர், "அந்த நாய் என் கோழியைப் புடிச்சிடுச்சு தம்பி" என்று வந்து நின்றார். நாம் என்ன சொன்னோம்? "கோழிதானே அக்கா, விடுங்க" என்றோம். சிரித்துக்கொண்டே சொன்னோம்!

எசுனுன்னாவின் சட்டத்தை நம் தலையில் வைத்துப் பார்த்தோம். நாய் எத்தகையது என்று நமக்கு அறிவிக்கப்பட்டது. அறிந்தும் வாளா இருந்தோம். மௌனத்தைப் பழித்தோமே, அந்த மௌனத்தை அக்கைம்பெண்ணுக்கு முதலில் போதித்தவர் நாமேயன்றோ? கோழிக்கு வாய் திறந்திருந்தால் ஆடு பிழைத்திருக்கும். சிறுமியின் காலில் வடு இருந்திராது.

அடுத்த ஞாயிறு மாலை தெருக்கூட்டம் கூட்டினோம். காஞ்சியை அடுத்த உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்வெட்டு உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு நிற்கலாகாது என்று அதில் பொறித்திருக்கிறது. அந்த அவையில் எல்லார்க்கும் இடம் இருக்கவில்லை என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், கணக்குக் காட்டாதவனுக்குப் பேச வாயில்லை என்ற அந்த விதி நமக்குப் பிடித்திருந்தது. ஆகவே முதலில் நம் கணக்கைக் காட்டினோம். மீன்முள்ளைச் சொன்னோம், கோழியைச் சொன்னோம், கைம்பெண்ணிடம் அனைவர் முன்னும் மன்னிப்புக் கேட்டோம்.

சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு ஓர் அம்மையார், "நானும் போட்டிருக்கேன், பழைய சோறு" என்றார். அடுத்து ஒருவர், அடுத்து இன்னொருவர். ஆக ஆறு வீடுகள்! இறுதியில் அந்தப் பெரியவர் எழுந்தார். கைத்தறித் துண்டைக் கையில் சுருட்டியபடி சொன்னார்: "குட்டியா இருக்கும்போது தூக்கிட்டு வந்தது நான்தான். ஆடு செத்ததைப் பார்த்ததும் பயந்துட்டேன். பணம் கேட்பாங்கன்னு பயந்துட்டேன்."

அவரும் மாளிகைவாசி அல்லர்; அவரும் நெசவாளிதான். அச்சமே அவரைப் பொய் பேச வைத்தது. ஆட்டின் விலையைப் பன்னிரண்டாயிரம் என மதித்தனர். பாதி அவர், மறுபாதி, சோறிட்ட ஆறு வீடுகள், வீட்டுக்கு ஆயிரமாக. நம் பங்கையும் கொடுத்தோம். கோழிக்கும் தனியே கொடுத்தோம். கைம்பெண் வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தோம். கொடுத்தது விலையன்று, ஒப்புதல்.

பத்து நாள் கழிந்தது. நாய் நலமாகவே இருந்தது. அதற்குத் தடுப்பூசி போட்டாயிற்று; கருத்தடையும் ஆயிற்று; கழுத்தில் பட்டை, பட்டையில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனை பெரியவர் வீட்டுத் தூணில். மறைந்த தட்டும் திண்ணைக்குத் திரும்பிவிட்டது. பெயரும் திரும்பிவிட்டது, மாலையில் அவர் அதைப் பெயர் சொல்லி அழைப்பது நம் வீடுவரை கேட்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. சிறுமி இன்றும் அந்தத் திண்ணைக்கு நேரே வரும்போது தெருவின் மறுபக்கம் ஒதுங்கித்தான் பள்ளிக்கு வருகிறாள். பணத்தால் ஆடு வாங்கலாம். அந்த மறுபக்கத்தை வாங்கித் தர இயலாது.

பகுத்தறிவு பேசும் இளைஞர்காள்! ஆண்டவன்மேல் பழி போடுவதை விட்டோம், நன்று. விட்ட பழியை நாயின்மேல் போட்டால், நாம் மாறியது எங்கே? பகுத்தறிவின் பாதை 'விதி இல்லை' என்பதோடு முடிவதில்லை. 'ஆகவே பொறுப்பு என்னுடையது' என்பதில்தான் தொடங்குகிறது. இன்று மாலை உங்கள் தெருவில் நின்று, சங்கிலியின்றித் திரியும் ஏதேனும் ஒரு நாயைக் காட்டி, "யாருடைய நாய்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் விடை கூறாவிட்டால், முதலில் உங்கள் வீட்டு மிச்சச் சோறு எங்கே போகிறது என்று பாருங்கள்.